ஆரஞ்சு வாசனை

அத்தை வாசல் கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு கையில் காய்ச்சல் பார்க்கும் கருவி, தோளில் மூக்குத் துடைக்கும் துண்டு. வெளியே படிக்கட்டில் அம்மாக்களும் பிள்ளைகளும் வரிசையாக நின்றார்கள். நெற்றிக்கு நேரே கருவியை நீட்டுவாள். பச்சை விளக்கு எரிந்தால் பிள்ளை உள்ளே, சிவப்பு எரிந்தால் வந்த வழியே வீட்டுக்கு. முன்பெல்லாம் கன்னத்தைக் கிள்ளிவிட்டு உள்ளே விட்டவள்தான். அரசாங்கத்து மேற்பார்வை அம்மா வந்து போனதிலிருந்து முதலில் நெற்றி, கன்னம் எல்லாம் அப்புறம்.

அத்தை என்பது பிள்ளைகள் வைத்த பெயர். அம்மாக்களுக்கு அவள் அக்கா. ஹாலும் சமையலறையும் ஒரு சின்ன அறையும் கொண்ட வாடகை வீட்டில், அம்மாக்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். அதற்கான உரிமப் பத்திரம் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஹாலில் தொங்குகிறது. போன மாதம் கண் சிவந்திருந்த ஒரு பிள்ளை மற்றவர்களோடு விளையாடிக்கொண்டிருந்தபோது மேற்பார்வை அம்மா உள்ளே நுழைந்துவிட்டார். அவர் சத்தமே போடவில்லை. பத்திரத்தைக் காட்டி, "இன்னொரு தடவை நோயுள்ள பிள்ளைய உள்ள பார்த்தேன்னா, இதைக் கையோட கழட்டிட்டுப் போயிடுவேன்" என்று மட்டும் சொன்னார். அன்று முதல் அத்தைக்குச் சோறு இறங்குவதே பெரும் பாடாக இருந்தது. புருஷன் என்று ஒருவன் இருந்து, போய், வருஷங்கள் ஆகிவிட்டன. இந்த வீடும் சாப்பாடும் அந்தச் சட்டத்துக்குள் இருக்கும் காகிதத்தில்தான் தொங்குகின்றன.

குண்டு முதலில் வந்தான். மூன்று வயதுக்கு இரண்டு ஆள் எடை. பச்சை. இரட்டைப் பெண்கள் வந்தார்கள். ஒரு நிமிஷம் முன்னால் பிறந்தவள் பெரியவள், பின்னால் பிறந்தவள் சின்னவள், அதிலேயே தினமும் சண்டை. பச்சை, பச்சை. கைக்குழந்தையை அதன் அம்மா தூக்கம் கலையாமல் கைமாற்றிவிட்டுப் போனாள். கடைசியாக, வழக்கம்போல ஓட்டமும் நடையுமாக, சிட்டுவின் அம்மா வந்தாள்.

அவள் பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் துணி வெளுப்பவள். மேலே உள்ள வார்டுகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளும் உறைகளும் அவள் கைகளில்தான் வந்து விழும். அந்தக் கைகள் எப்போதும் வெளுத்து, ஊறிய தோலாகச் சுருங்கிக் கிடக்கும். ஆஸ்பத்திரி வேன் தெருமுனையில் இன்ஜினை அணைக்காமல் உறுமிக்கொண்டிருந்தது.

"என்னடி, கண்ணு ரெண்டும் உள்ள போயிருக்கு? ராத்திரி தூங்கலையா?"

"துணி மலையா வந்துச்சுக்கா. ஊரெல்லாம் காய்ச்சல். இதுல ஒரு மெஷின் வேற படுத்துக்கிச்சு. மனுஷங்க படுத்தாத்தான் குத்தம், மெஷின் படுத்தா ஆள் வந்து பார்க்கறாங்க."

அத்தை சிரித்துக்கொண்டே குனிந்தாள். சிட்டுவின் தலைமுடி தண்ணீர் தொட்டு வழித்து வாரப்பட்டிருந்தது. கருவியில் பச்சை விளக்கு எரிந்தது. "என்னடி சிட்டு, உடம்பு எப்படி..." என்று அத்தை கேட்டு முடிக்கும் முன்பே பதில் வந்தது.

"நல்லா இருக்கேன்."

அந்த வாய் திறந்ததும் ஆரஞ்சு வாசனை வந்தது. பழத்தின் வாசனை இல்லை. காய்ச்சல் மருந்தில், பிள்ளைகள் துப்பாமல் குடிப்பதற்காகக் கலக்கிற வாசனை. அத்தைக்கு அது நன்றாகத் தெரியும். அந்த மருந்து உள்ளே போனால் நெற்றி குளிர்ந்துவிடும், பச்சை விளக்கு எரியும். மத்தியானத்துக்குள் மருந்தின் வேகம் இறங்கி, காய்ச்சல் தன் வேலையைத் தொடங்கும். அதனால்தான் விதியில் அப்படி எழுதியிருக்கிறது: மருந்தில்லாமல் ஒரு முழு நாள் காய்ச்சல் வராமல் இருந்தால்தான் பிள்ளையைச் சேர்க்கலாம். எல்லா அம்மாக்களும் அதில் கையெழுத்துப் போட்டவர்கள்தான்.

"மருந்து ஏதாவது குடுத்தியா?"

"இல்லக்கா."

"நேத்து?"

"இல்லவே இல்லக்கா." அவள் அத்தையின் முகத்தைப் பார்க்காமல் வேனைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஒரு நாள் நின்னா அடுத்த நாள் என் இடத்துல வேற ஒருத்தி நிப்பா. உங்களுக்குத் தெரியாததா?"

"ஏதாவதுன்னா போன் பண்ணுவேன், எடுக்கணும்."

"போனை உள்ள விடமாட்டாங்க. மேஸ்திரி நம்பர் இருக்கில்ல, அவர்கிட்ட சொல்லுங்க, சொல்லிடுவாரு."

அத்தைக்கு மனசுக்குள் ஒரு முகம் வந்து நின்றது. அந்த முகத்தை நினைத்துத்தான் அவள் சிட்டுவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். கருவி பச்சை காட்டியது, நான் என்ன செய்ய என்று தனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அந்த முகம் கண்ணாடியின் அம்மாவுடையது. கண்ணாடி என்றால் தடித்த மூக்குக்கண்ணாடி போட்ட, எதற்கெடுத்தாலும் "ஏன்?" என்று கேட்கிற பையன். மேற்பார்வை அம்மா எச்சரித்துப் போன அதே வாரத்தில் அவனுக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. விதிப்படி, நோயுள்ள பிள்ளையை மற்றவர்களிடமிருந்து பிரித்து, கண்ணில் படும் இடத்தில் உட்கார வைத்து, பெற்றவர்களை வரச் சொல்ல வேண்டும். அதற்கென்றே அத்தை பின்கதவுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி நீல நாற்காலி போட்டிருந்தாள். அவனை அதில் உட்கார வைத்தாள். ஒரு கடையில் காவலுக்கு நின்ற அவன் அம்மா, பாதி வேலையில் ஓடிவந்து தூக்கிக்கொண்டு போனாள். அதோடு சரி. வேலை போய்விட்டது என்று யாரோ சொன்னார்கள். போன் அடிக்கவில்லை. அத்தை ஒரு நாள் அவர்கள் வீடு வரை போய்ப் பார்த்தாள். கதவில் பூட்டுத் தொங்கியது, உள்ளே ஜன்னலோரம் ஒரு பால் டம்ளர் கழுவாமல் காய்ந்திருந்தது. கண்ணாடியின் செருப்பு மட்டும் இன்னும் அத்தை வீட்டுச் செருப்புப் பலகையில் இருந்தது. அதைத் தூக்கிப் போட அவளுக்குக் கை வரவில்லை.

பிள்ளைகள் பல நாள் கேட்டார்கள். "வருவான், வருவான்" என்று அத்தை சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு கட்டத்தில் அவர்கள் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதிலாக வேறொன்று தொடங்கியது. பின்பக்கம் போகும்போதெல்லாம் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக் கை ஆட்டுவார்கள். பிஸ்கட் கொடுத்தால் அதில் ஒன்று போய் நாற்காலியில் உட்காரும். சாயங்காலம் அத்தை அதைத் தேடினால் காணாது. எறும்பு கொண்டுபோயிருக்கும், இல்லை குண்டு வயிற்றுக்குப் போயிருக்கும் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொள்வாள். ஆனாலும் இருட்டியபின் அந்தப் பக்கம் போகும்போது விளக்கைப் போட்டுவிட்டுத்தான் போவாள்.

அன்று வீடு மூச்சுக் காட்டாமல் இருந்தது. வழக்கமாக இரட்டையர் சண்டையில் கூரை பறக்கும். அன்று இருவரும் ஒரே பொம்மையை வைத்துக்கொண்டு கிசுகிசுத்தார்கள். சிட்டு சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அத்தை பக்கத்தில் போனாலே எழுந்து நின்று, "நல்லா இருக்கேன்" என்றாள். சாப்பாட்டை வாங்கிக்கொண்டாள், தட்டு காலியாகியும் விட்டது. அதை குண்டு சத்தமில்லாமல் சாப்பிட்டதை அத்தை கவனிக்கவில்லை. கைக்குழந்தை அன்று தோளை விட்டு இறங்க மாட்டேன் என்று அழிச்சாட்டியம் பண்ணியது.

மத்தியானம் திரைச்சீலையை இழுத்துவிட்டு, பாய்களை வரிசையாக விரித்து, எல்லாரையும் படுக்க வைத்தாள். கைக்குழந்தை தூங்கியதும் சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் துலக்கினாள். இடையில் இரண்டு முறை எட்டிப் பார்த்தாள். அரை இருட்டில், போர்வை மூடிய உருவங்கள் வரிசையாகக் கிடந்தன. கடைசிப் பாயில் சிட்டு தலை வரை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். தூங்கட்டும், தூங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டாள்.

கை துடைக்கத் துண்டைத் தேடியபோதுதான் கொடியில் ஒரு துண்டு கூட இல்லை என்று பார்த்தாள். காலடியில் ஈரம். குளியலறையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் போன தடம், ஹாலைச் சுற்றிக்கொண்டு சின்ன அறைப் பக்கம் போயிருந்தது. சமையலறை வாசலுக்கு வெளியே இருந்த குளிர்சாதனப் பெட்டியின் கதவு சரியாகச் சாத்தப்படாமல் இருந்தது. ஐஸ் தட்டு காலி.

அவள் ஹாலுக்கு வந்தாள். குண்டு படுத்திருந்தான், கண்கள் திறந்திருந்தன. இரட்டையரும் அப்படியே, கூரையைப் பார்த்துக்கொண்டு. யாரும் அவளைப் பார்க்கவில்லை.

"ஏன்டா தூங்கல?"

 அத்தை கடைசிப் பாய்க்குப் போனாள். போர்வைக்கு வெளியே கால் நீட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. காலில் செருப்பு. படுக்கையில் செருப்போடு என்ன இது என்று குனிந்து தொட்டாள். செருப்புக்குள் கால் இல்லை. அது கண்ணாடியின் செருப்பு.

 போர்வையை இழுத்தாள். உள்ளே இரண்டு தலையணைகள் நீளவாக்கில் கிடந்தன.

"சிட்டு எங்க?"

பெரியவள்தான் மெதுவாகச் சொன்னாள். "கண்ணாடி கூட விளையாடறா."

"விளையாட்டா இது? எங்கடி அவ?"

"சத்தம் போடாதீங்க அத்தை. அவனுக்குக் கேட்டா கூட்டிட்டுப் போயிடுவான்" என்றாள் சின்னவள், நீல நாற்காலி இருந்த பக்கம் விரலைக் காட்டி. குண்டு உதட்டைப் பிதுக்கி அழத் தயாரானான்.

அத்தை ஈரத் தடத்தின் பின்னால் ஓடினாள். சின்ன அறையில் பாயும் போர்வையும் வைக்கிற அலமாரியின் கீழ்த்தட்டுக் கதவு சாத்தியிருந்தது. திறந்தாள். சிட்டு உள்ளே முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். தலையில், கழுத்தில், வயிற்றில் என்று வீட்டிலிருந்த அத்தனை துண்டுகளும் சொட்டச் சொட்டப் போர்த்தியிருந்தன. உருகிய ஐஸ் தண்ணீர் தட்டில் தேங்கியிருந்தது. இவ்வளவு குளிருக்கு நடுவிலும் அத்தை தொட்ட இடம் தோசைக்கல்லாகக் கொதித்தது. உதடு நீலம் பூத்திருந்தது.

"நல்லா இருக்கேன்" என்றாள் சிட்டு, கண்ணைத் திறக்காமல்.

இரட்டையர் பின்னால் வந்து நின்றிருந்தார்கள். "அந்த நாற்காலில உக்காந்தா திரும்பி வரமாட்டாங்கல்ல?" என்றாள் பெரியவள். "அதான் ஒளிச்சு வச்சோம். சுடாம இருந்தா நீங்க உக்கார வைக்கமாட்டீங்கல்ல?"

"அவ அம்மா சொல்லியிருக்காங்க" என்றாள் சின்னவள். "அத்தைக்குத் தெரியக்கூடாதாம்."

சிட்டுவைத் தூக்கி வெளியே எடுத்தபோது அவள் உடம்பு ஒரு வெட்டு வெட்டியது. கைகள் விறைத்தன. கண்ணின் கருவிழி மேலே சொருகி, வெள்ளை மட்டும் தெரிந்தது. வாயோரம் ஆரஞ்சு நிறத்தில் நுரை வழிந்தது.  போனை எடுத்தாள். ஆம்புலன்ஸ் என்று கூப்பிட்டால் அது பதிவாகும், எந்த வீட்டிலிருந்து என்று கேட்பார்கள், மேற்பார்வை அம்மாவின் மேஜைக்குப் போகும். சுவரில் அந்தக் கண்ணாடிச் சட்டம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம் நின்றாள். அந்த ஒரு மூச்சுக்காக அவள் பின்னால் தன்னையே எவ்வளவோ ஏசிக்கொண்டாள். பிறகு எண்களை அழுத்தினாள்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் மேஸ்திரிக்குப் போன் போட்டாள். பின்னால் இயந்திரங்களின் இரைச்சல் கேட்டது. "சரிம்மா, சரிம்மா, சொல்லிடறேன்" என்றார். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள். அவள் ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து, "கோவிச்சுக்காதீங்க, என் வீட்டுலயும் புள்ளைங்க இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சாத்திக்கொண்டாள். மற்ற பிள்ளைகளை விட்டுவிட்டு அத்தை வாசற்படி தாண்டக்கூடாது, அதுவும் விதிதான்.

ஆகவே சிட்டு தனியாகப் போனாள். வலிப்பு நின்று உடம்பு துவண்டிருந்தது. ஆம்புலன்ஸ்காரர் அவளைப் படுக்கையில் கட்டிக்கொண்டே, "பாப்பா பேர் என்ன? பேர் சொல்லுங்க பார்ப்போம்" என்று கன்னத்தைத் தட்டினார்.

"நல்லா இருக்கேன்."

"அவ அம்மா அந்த ஆஸ்பத்திரியிலதான் இருக்கா. கீழ, துணி வெளுக்கிற எடத்துல. தயவுசெஞ்சு சொல்லிடுங்க" என்று அத்தை வண்டியோடு நாலு அடி ஓடினாள். அவர் தலையை ஆட்டினார். வாசலில் பிள்ளைகள் வரிசையாக நின்று வண்டிக்குக் கை ஆட்டினார்கள். அது நாற்காலிக்கு ஆட்டுகிற அதே ஆட்டல்.

சாயங்காலம் வார்டுக்குப் போன் செய்தாள். வலிப்பு திரும்ப வரவில்லை, மருந்து ஏறுகிறது, பிள்ளை தூங்குகிறது என்றார் நர்ஸ். "கூட யாரும் இல்லையாம்மா?" என்று கேட்டார். அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் இரட்டையரை அழைத்துப் போக இன்னும் ஆள் வரவில்லை. வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தபோது வேன் சத்தம் கேட்டது.

சிட்டுவின் அம்மா படியேறி வந்தாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் தெம்பாக, கையில் ஒரு பன் பொட்டலத்தோடு. அவளைப் பார்த்ததுமே அத்தைக்குத் தெரிந்துவிட்டது. மேஸ்திரி சொல்லவில்லை. வேலை முடியட்டும் என்று வைத்திருந்து, பிறகு மறந்தும் போயிருக்கிறார்.

"காலையில உங்ககிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன்க்கா" என்று அவளே ஆரம்பித்தாள். படியில் உட்கார்ந்து, வெளுத்த விரல்களைப் பிசைந்தாள். "மருந்து குடுத்துத்தான் கூட்டிட்டு வந்தேன். நாள் பூரா அதே நெனப்பு. மத்தியானத்துக்கு மேல புள்ளைங்க வார்டுலேர்ந்து ஒரு குட்டி விரிப்பு வந்துச்சு. பூராவும் வாந்தி. கையில எடுத்தா அதே ஆரஞ்சு வாசனை. எந்தப் புள்ளையோ பாவம்னு நெனச்சேன். யாரு பெத்ததோன்னு ஊற வச்சு, நல்லாத் தேய்ச்சு அலசினேன். என் புள்ள அக்கா வீட்டுல பத்திரமா இருக்குன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்." பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "சிட்டு! செருப்ப மாட்டு, போலாம்!"

உள்ளேயிருந்து பெரியவள் சொன்னாள்: "சிட்டு போயிட்டா."

அத்தை அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தோளைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். பிள்ளை பிழைத்துவிட்டது என்பதை முதலிலும் சொன்னாள், கடைசியிலும் சொன்னாள். சிட்டுவின் அம்மா அழவில்லை. இரண்டு கைகளையும் முகத்துக்குக் கொண்டுபோய் மோந்து பார்த்தாள். எத்தனை சோப்புப் போட்டு அலசிய கைகள். திரும்பத் திரும்ப மோந்து பார்த்தாள். பிறகு எழுந்து ஓடினாள். வேன் போய்விட்டிருந்தது. தெருமுனை வரை அவள் ஓடுவது தெரிந்தது. பன் பொட்டலம் படியிலேயே கிடந்தது.

மறுநாள் விடிந்ததும் அத்தைக்குத் தொண்டை கரகரத்தது, உடம்பு கணகணத்தது. மேற்பார்வை அம்மா இன்று வருவதாகத் தகவல் வந்திருந்தது. வீட்டில் இருக்கும் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் கதவைத் திறக்கக்கூடாது என்பதும் விதியில் உண்டு. அவள் ஒரு மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்தாள். கருவியைத் தன் நெற்றிக்கு நீட்டிப் பச்சை எரியும்வரை காத்திருந்தாள். பிறகு கதவைப் பாதி திறந்தாள்.

குண்டு வந்தான். பச்சை. "நல்லா இருக்கேன்" என்றான், கேட்காமலே. ஆரஞ்சு வாசனை. அவன் அம்மா தரையைப் பார்த்தாள்.

இரட்டையர் வந்தார்கள். பச்சை, பச்சை. "நல்லா இருக்கேன்." "நல்லா இருக்கேன்." இரண்டு வாயிலும் ஆரஞ்சு. உள்ளே போனதும் பெரியவள் பலகையிலிருந்து கண்ணாடியின் செருப்பையும் சிட்டுவின் செருப்பையும் எடுத்து, நீல நாற்காலிக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் ஒழுங்காக வைத்தாள்.

கைக்குழந்தைக்குப் பேச வராது. "நல்லா இருக்காக்கா" என்று அதன் அம்மா அதற்கும் சேர்த்துச் சொன்னாள்.

"கொஞ்சம் நில்லுங்கம்மா" என்றாள் அத்தை. குரல் அவளுக்கே கேட்கவில்லை. அம்மாக்கள் படி இறங்கிவிட்டிருந்தார்கள்.

கடைசியாக ஒருத்தி நின்றிருந்தாள். புது முகம், சின்ன வயசு. கையைப் பிடித்தபடி ஒரு பையன், தண்ணீர் தொட்டு வாரிய தலையோடு. தெருமுனையில் ஆஸ்பத்திரி வேன் உறுமிக்கொண்டிருந்தது.

"இங்க ஒரு இடம் காலியா இருக்குன்னு மேஸ்திரி சொன்னாருக்கா. துணி வெளுக்க ஒருத்தி நின்னுட்டாளாம், என்னை இன்னைக்கே வரச் சொல்லிட்டாங்க." அவள் கைகள் இன்னும் வெளுக்கவில்லை. வேன்காரன் ஹாரனை அடித்தான். அவள் பையனின் கையை அத்தையின் கையில் திணித்துவிட்டு ஓடத் தொடங்கினாள்.

அத்தை கருவியை நீட்டவில்லை. பையன் அவளை நிமிர்ந்து பார்த்து வாயைத் திறந்தான்.

"நல்லா இருக்கேன்" என்றான்.